வடக்கு மூலைத் துணி

கீரை பறிக்கப் போகிறவள் வெள்ளென எழுந்தால் மட்டும் போதாது, வாயையும் கட்டிக்கொண்டு போக வேண்டும். "எந்தக் காட்டுக்குப் போறீங்க?" என்று லைனில் நாலு பேர் கேட்டு, நாமும் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அங்கே நமக்குக் காம்புகூட மிஞ்சாது. இது மாரக்காளக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் என் வாய்க்குத் தெரியாது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என் கதவைத் தட்டாமல் ஜன்னல் கம்பியை விரலால் சுண்டினாள்.

"செல்வி, ஏந்திரி. சத்தங் காட்டாம பொட்டாட்ட வா."

நானும் அக்காவும் ஒரே பட்டறையில் தறி ஓட்டுகிறவர்கள். எடப்பாடியிலிருந்து எட்டுக் கிலோமீட்டரில் எங்கள் ஊர். பட்டறைக்குப் பின்னால் லைன் வீடுகள், அதில் அவள் வீடு மூணாவது, என் வீடு நாலாவது. வாரம் ஆறு நாள் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசி எனக்குத் தொண்டையே அப்படி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றாலும் நான் நிற்பதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் கிடக்கிறார்.

புதன்கிழமை நல்ல மழை. புரட்டாசியில் ஒரு மழை இறங்கி மூணு நாள் வெயில் காய்ந்தால் போதும், விதைக்காமலே காடு கழனியெல்லாம் கீரை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை என்று வரப்போரமும் பயிருக்கு நடுவிலும் முளைத்து நிற்கும். பண்ணைக்கீரையை எந்தச் சந்தையிலும் கட்டுக் கட்டி வைத்திருக்க மாட்டார்கள். பறித்தவள் வீட்டில்தான் அது வேகும், இல்லையென்றால் அவள் கொடுத்த வீட்டில்.

எங்கள் பக்கத்தில் கீரைக்கு யாரும் கேட்டுவிட்டு இறங்குவதில்லை. பயிரை மிதிக்கக் கூடாது, வேரோடு பிடுங்காமல் கொழுந்தைக் கிள்ள வேண்டும், அவ்வளவுதான். காட்டுக்காரருக்கும் பாதிக் களை போனமாதிரி. ஆனால் மருந்தடித்த காடென்றால் அவர் ஒரு மூலையில் குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுவார். துணியைப் பார்த்தால் ஆடு மேய்க்கிறவளும் திரும்பிவிடுவாள், கீரைக்காரியும் திரும்பிவிடுவாள். யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

சுவாமிநாதண்ணன் காட்டுக்கு நாங்கள் போனபோது இன்னும் நன்றாக விடியவில்லை. முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம். மயிலும் காட்டுப்பன்றியும் புகுந்து நாசம் பண்ணுகிறது என்று காட்டைச் சுற்றிலும் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருந்தார். பச்சை, மஞ்சள், பூப்போட்டது, ஜரிகை போனது. வடக்கு மூலையில் சேலைக்கும் சேலைக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது.

"ஏனக்கா, சேலை பத்தாம வேட்டியவும் கிழிச்சுக் கட்டிப்போட்டாரு போல இருக்குது" என்றேன்.

"அவரு சம்சாரம் இனி கட்டிக்கறதுக்குச் சேலை மிச்சம் வெச்சாளோ என்னமோ" என்று அக்கா சிரித்தாள்.

சிரித்துக்கொண்டேதான் சேலையைத் தூக்கி உள்ளே நுழைந்தோம். மருந்து வாடைகூடவா தெரியவில்லை என்று அப்புறம் கேட்காதவர் இல்லை. பக்கத்துக் காட்டில் கோழி எரு கொட்டி வைத்திருந்தார்கள். அந்த நாற்றத்துக்கு முன்னால் எது தெரியும்? இலையெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. மருந்து பட்ட கீரை வாட ரெண்டு மூணு நாளாகும். அன்றைக்குக் காலையில் அது தளதளவென்று நின்றது.

அக்கா கிள்ளுகிற அழகைப் பார்க்க வேண்டும். இடது கையில் செடியை வளைத்து, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் டக்கென்று கொழுந்தை எடுப்பாள். மடி நிறையும்வரை நிமிர மாட்டாள். வரப்பில் கோவைப்பழம் செக்கச்செவேலென்று தொங்கியது. நான் நாலு பறித்து வாயில் போட்டேன். அக்காவுக்கு ரெண்டு நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டினாள். எப்போதும் என் கையிலிருந்து பிடுங்கித் தின்கிறவள்.

"என்னக்கா வெசனம்?"

"ஒண்ணுமில்ல, பறி."

"பாப்பாளுக்குத்தான பறிக்கறே?"

அக்கா அடுத்த செடியை வளைத்தாள். எனக்குத் தெரியும். முந்தின சனிக்கிழமை எடப்பாடிச் சந்தையில் பிரீத்தியைப் பார்த்ததும், அவள் கீரைக்காரியிடம் கேட்டு ஏமாந்ததும், "செல்வியக்கா, உங்க பக்கம் பண்ணைக்கீரை கெடைக்குமா? நாக்குக்கு வேற எதுவும் புடிக்க மாட்டேங்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டதும் எல்லாம் அக்காவிடம் வந்து சொன்னவளே நான்தானே.

பிரீத்தி மாரக்காளக்காவின் தங்கச்சி பாவாயியின் மகள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பாவாயி ரெண்டு ஷிப்டு தறி ஓட்டிய காலத்தில் பிரீத்தியைப் பத்து வயதுவரை வளர்த்தது அக்காதான். அந்தப் பெண் காலேஜ் முடித்துவிட்டு, சேலத்தில் கூடப் படித்த டோனியைக் கட்டிக்கொண்டது. வேதக்காரப் பையன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை, வருசத்தில் எட்டு மாசம் வடக்கே ஏதாவது ஒரு காட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பான். பெற்றவளே ஒத்துக்கொண்டாள். வளர்த்தவளுக்கு ஆகவில்லை. கல்யாணம் முடிந்து ரெண்டும் மாலையோடு வந்து லைனில் நின்றபோது, அக்கா நிலைப்படியை மறித்து நின்றுகொண்டு சொன்னாள்:

"இனி என்ற கையால உனக்குப் பச்சத் தண்ணிகூட ஊத்த மாட்டேன். போ."

லைன் முழுக்கக் கேட்டது. நானும் கேட்டேன். மூணு வருசம் ஆயிற்று. பாவாயி அக்காவின் நம்பரையே அழித்துவிட்டாள். இப்போது பிரீத்திக்கு ஏழு மாசம், எடப்பாடியில் தாய்வீட்டில் இருக்கிறாள். வளையல் போட்டதற்கு எனக்குக்கூடச் சொன்னார்கள், அக்காவுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அக்கா தறியில் மூணு தடவை இழை அறுத்தாள்.

வெயில் ஏறியதும் மேட்டில் உட்கார்ந்து கீரையை மூணு பங்காக்கினோம். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மூணாவது பங்கை அக்கா தனியாக எடுத்து, பழுத்த இலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காம்பையெல்லாம் ஒருபக்கமாக அடுக்கி, கோரைப்புல்லை முறுக்கிச் சுற்றினாள். முடிச்சில் புல்லின் நுனியை ரெண்டு காது போல இழுத்துவிட்டாள்.

"இந்தா. நீ பறிச்சதாச் சொல்லிக் குடுத்துட்டு வா."

"நீதான பறிச்சே? நீயே வா. வண்டியில பின்னாடி உக்காந்தா பத்து நிமிசம்."

"அன்னிக்கு வாய உட்டவ நானு. எந்த மூஞ்சிய வெச்சிட்டு வாரது? நீ குடுத்தாத் திங்கும். நான் குடுத்தேன்னா அவ ஆத்தா குப்பையில வீசிப்போடுவா. புள்ளத்தாச்சி ஆசப்பட்டுக் கேட்டது செல்வி, அது வவுத்துக்குப் போனாப் போதும்."

"இப்பிடி உள்ளுக்குள்ள வெச்சிட்டு எதுக்கு அப்பிடிப் பேசுனே?"

"தெரிஞ்சா பேசறாங்க?" என்றாள்.

நானும் என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பாவாயி காப்பி போட்டுக் கொடுத்தாள். பிரீத்தி கீரைக்கட்டை வாங்கி மூக்கில் வைத்து மோந்தாள். பிறகு அந்த முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாருக்கா கட்டுனது?"

"நாந்தான். ஏன், எனக்குக் கட்டத் தெரியாதா?"

"இல்ல, நல்லாருக்குது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் ரொம்ப கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பதினொரு மணி இருக்கும். நான் வாசலில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா அவள் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவாமிநாதண்ணன் டி.வி.எஸ்.ஸில் அந்தப் பக்கமாகப் போனவர் முறத்தைப் பார்த்துவிட்டு பிரேக் போட்டார்.

"கீரை எங்க பறிச்சே?"

"எங்க, உங்க காட்டுலதானுங்கண்ணா" என்று சிரித்தேன்.

அவர் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். முறத்தைக் காலால் தள்ளிவிட்டார்.

"அட கெரகமே! நேத்துப் பொழுதோடதான் புள்ள களைக்கொல்லி அடிச்சேன்! தின்னுட்டீங்களா? யாராச்சும் தின்னுட்டீங்களா?"

"அய்யோ, இல்லீங்கண்ணா... துணி கட்டலீங்களே?"

"கட்டாம? வடக்கு மூலையில வெள்ளைத் துணி கட்டியிருந்தனே, கண்ணு தெரியலயா?"

எனக்கு வந்ததே கோபம். "சுத்தியும் நாப்பது சேலையக் கட்டிப்போட்டு, நடுவுல ஒரு துண்டு வேட்டியக் கட்டுனா யாருக்குங்க தெரியும்? மயிலுக்குக் கட்டுனதா மருந்துக்குக் கட்டுனதான்னு சோசியமா பாக்கறது?"

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பின்னால் முறம் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் அக்கா எழுந்து நிற்கிறாள். அரிசி வாசலெல்லாம் கொட்டிக் கிடக்கிறது.

"செல்வி, பாப்பா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

பாவாயிக்குப் போன் போட்டேன். மணி போகிறது, எடுக்கவில்லை. ரெண்டாவது தடவையும் எடுக்கவில்லை. பிரீத்தி நம்பர் என்னிடம் கிடையாது. "நம்பரு யாருகிட்ட இருக்குது?" என்று நான் கத்த, அக்கா இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தாள். 'பாப்பா' என்று போட்டு வைத்திருந்தாள். மூணு வருசமாக ஒரு தடவைகூடக் கூப்பிடாத நம்பர். இப்போது கூப்பிட்டால், வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குத்தான் டோனி வடக்கேயிருந்து பேசுவான். மறுபடி போட்டோம், மறுபடியும் அதே பதில்.

"வண்டிய எடு" என்றாள் அக்கா.

அந்த எட்டுக் கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பின்னால் உட்கார்ந்து அக்கா என் தோளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஜாக்கெட்டுக்கு மேலேயே நகம் பதிந்தது. "தின்னிருக்காது, இன்னும் ஆக்கியிருக்க மாட்டாங்க, பன்னண்டு மணிக்குத்தான் திம்பாங்க" என்று காதுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் அவள் போன் அடித்திருக்கிறது. காற்றில் எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்கவில்லை.

பாவாயி வீட்டு வாசலிலேயே கீரை கடைந்த வாசம் அடித்தது. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்த வாசம். எத்தனை நாள் அந்த வாசத்துக்கு நாக்கில் நீர் ஊறியிருக்கிறது எனக்கு. அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினோம்.

பிரீத்தி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, வயிற்றுக்கு மேலே தட்டை வைத்திருந்தாள். ராகிக்களி, குழியில் கீரை. பாதித் தட்டு காலி. அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது.

"பெரீம்மா! இப்பத்தான் நான் கூப்புட்டேன், நீங்க எடுக்கல. முடிச்சப் பாத்ததுமே எனக்குத் தெரியும், நீங்கதான்னு. அம்மாகிட்டக்கூடச் சொல்லல..."

அக்கா தட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். அது சுவரில் போய் மோதியது.

"துப்பு சாமி! துப்பீரு! முழுங்காத!"

பிள்ளையின் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள். பிரீத்தி திமிறினாள். சமையல்கட்டிலிருந்து பாவாயி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏய், என்ன பண்ணறே? மூணு வருசங் கழிச்சு வந்து எம்புள்ள சோத்தத் தட்டி உடறயா? நீயெல்லாம் மனுசியா?"

"பாவாயி, நிறுத்து" என்று நான் நடுவில் புகுந்தேன். "கீரையில மருந்து. களைக்கொல்லி. நேத்து அடிச்ச காடுன்னு எங்களுக்குத் தெரியல. இப்பத்தான் தெரிஞ்சுது. ஆசுபத்திரிக்குப் போலாம், வா."

கரண்டி கீழே விழுந்தது. பாவாயி என்னைப் பார்த்தாள். "நீ பறிச்சதுன்னு சொன்னியே?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாந்தான் பறிச்சேன்" என்றாள் அக்கா.

பாவாயி அவள் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவே இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்ற கையாலே பச்சத் தண்ணிகூட ஊத்த மாட்டேன்னு சொன்னவதான நீ? கடைசியில இத ஊத்தோணும்னுதான் வெச்சிருந்தியா?"

அறைந்திருந்தாலாவது அக்கா திரும்ப ஏதாவது சொல்லியிருப்பாள். பிரீத்திதான் அழுதுகொண்டே, "ஏம்மா இப்பிடிப் பேசறீங்க" என்றாள். அதற்குள் நான் தெருவில் போன ஆட்டோவை நிறுத்தியிருந்தேன்.

பெரிய ஆசுபத்திரியில் இளவயதுப் பெண் டாக்டர். வாய்க்குள் விரல் விட்டதைக் கேட்டதும் முதலில் அதற்குத்தான் திட்டினார். "வாந்தி எடுக்க வைக்கக் கூடாதுங்கம்மா. எவ்வளவு சாப்பிட்டா? கழுவித்தானே ஆக்கினீங்க? என்ன மருந்து, பேர் தெரியுமா?"

பேருக்கு எங்கே போக? சுவாமிநாதண்ணனுக்குப் போன் போட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பார். "பாட்டிலு எங்க போட்டீங்களோ அங்கயிருந்து எடுத்துட்டு வாங்கண்ணா, வெரசலா" என்றேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வாய்க்காலில் வீசிய காலிப் பாட்டிலைத் தேடி எடுத்திருக்கிறார், முழங்கால்வரை சேறு. பாட்டிலை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டார். யார் கண்ணையும் பார்க்கவில்லை.

டாக்டர் பாட்டிலைப் படித்தார், யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். பிரீத்தி கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். வயிற்றில் ஒரு சின்ன மிஷினை வைத்தார்கள். கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு வேகமாக, லொட்லொட்டென்று, ஒரு துடிப்பு. பிரீத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"துடிப்பு இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "கழுவியிருக்கீங்க, கொஞ்சந்தான் உள்ளே போயிருக்கும். ஆனா ஒண்ணுமில்லைன்னு இன்னிக்கே என்னால சொல்ல முடியாது. ரத்தம் எடுத்திருக்கோம். நாளைக்குக் காலையில ஸ்கேன். அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

"குழந்தைக்கு?" என்றாள் பாவாயி.

"நாளைக்குப் பார்க்கலாங்கம்மா."

நாங்கள் வராந்தா பெஞ்சுக்கு வந்தோம். பாவாயி ஒரு முனையில், அக்கா மறுமுனையில், நடுவில் நான். ஒரு நர்ஸ் நோட்டோடு வந்தாள். மருந்து சம்பந்தப்பட்டதென்றால் எழுதித்தான் ஆக வேண்டுமாம், ஸ்டேஷனுக்கும் தகவல் போகுமாம்.

"கீரை யார் கொடுத்தது?"

கொடுத்தது நான். ஊரறிய, பாவாயி அறிய, கட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவள் நான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். ஸ்டேஷன் என்றதும் என் பெரிய வாய் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அக்கா எழுந்து நின்றாள்.

"நாந்தானுங்க. பறிச்சதும் நாந்தான், குடுத்துவுட்டதும் நாந்தான். இவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

அக்கா வாயைத் திறந்தாள். பெரியம்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு வரவில்லை. நர்ஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அக்கா தரையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா, யாரு நீங்க?"

"பெரீம்மாங்க" என்றது பெஞ்சின் அந்த முனையிலிருந்து ஒரு குரல். பாவாயிதான். எழுந்திருக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "என்ற கூடப்பொறந்தவ. புள்ளைய வளத்தவ. தெரியாமப் பறிச்சுப் போட்டாங்க. அப்பிடியே எழுதிக்கங்க. தெரியாமன்னு நல்லா எழுதுங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். உட்காரலாமா கூடாதா என்று தெரியாத மாதிரி நின்றாள்.

பாவாயி தலையைத் திருப்பினாள்.

"அதென்ன கையி?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அக்காவின் வலது கை மணிக்கட்டுவரை சிவந்து தடித்திருந்தது. கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோல் வெடித்து எரிச்சலெடுத்திருந்தது. ரெண்டு மணி நேரம் அந்த ஈர இலைக்குள் வெறுங்கையை விட்டுக் கிள்ளியவள். எனக்கும் அரிப்பு இருந்தது, அவள் அளவுக்கு இல்லை. காலையிலிருந்து ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை, அவளுக்கும்கூட.

"ஒண்ணுமில்ல" என்று அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காட்டு."

"எனக்கென்ன வந்துச்சு. அங்க புள்ள கெடக்குது..."

"புள்ளைய டாக்டர் பாத்துக்குவாங்க. நீ இக்கட்டால வா."

பாவாயி எழுந்து அவளுடைய முழங்கையைப் பிடித்து வராந்தாக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை. பிரீத்திக்கு வாங்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அக்காவின் கையைத் தொட்டிக்கு மேலே நீட்டிப் பிடித்து ஊற்றினாள். நான் ஓடிப்போய் நர்ஸிடம் சோப்பு வாங்கி வந்து என் கையையும் நீட்டினேன். "சித்தெ இரு, மொதல்ல இவளுக்கு" என்றாள் பாவாயி.

சோப்பு பட்டதும் அக்கா எரிச்சல் தாங்காமல் கையை இழுத்தாள். பாவாயி விடவில்லை.

"பாவாயி, கொழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"வாய மூடு."

"நான் வேணும்னே..."

"வாய மூடுன்னு சொன்னேன்ல? ஒருக்கா வாயத் தொறந்து பட்டது பத்தாதா?"

அக்காவின் தோள் குலுங்கியது. பாவாயியின் கண்ணிலும் தண்ணீர். ஆனால் அவள் விரல் ஒவ்வொன்றாக, நக இடுக்கு நக இடுக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்குக் கழுவுவது போல.

நகத்தடியில் இருந்த பச்சை மட்டும் போகவில்லை. கீரைக் கறை லேசில் போகாது. பாவாயி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள், காலியாக இருந்தது.

"செல்வி, போய் இன்னொரு பாட்டிலு தண்ணி புடிச்சிட்டு வா" என்றாள், அக்காவின் கையை விடாமல்.